கால்நடைகளின் காவலர் அர்னால்டு தைலர்

நுழையும்முன்

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் எருவுக்கும் மாட்டையே நம்பி வாழ்ந்த மக்கள், தம் செல்வத்தை அப்பெயரால் அழைத்தனர். தொழுவம் வெறுமையானால் வீடும் வெறுமையாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கண்ணுக்குப் புலப்படாத ஒட்டுண்ணிகளால் தென்னாப்பிரிக்காவின் தொழுவங்கள் வெறுமையானபோது, அந்நோய்களின் மூலத்தைத் தேடி ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அவருக்கு இருந்தது ஒரு கை மட்டுமே. அவருடைய வெற்றிகள் நமக்குக் கற்பிப்பன பல. அவர் தம் தோல்வியை ஏற்றுக்கொண்ட முறை கற்பிப்பதோ அதனினும் பெரிது.

இளமையும் இழப்பும்

சுவிட்சர்லாந்து நாட்டின் ஆர்காவ் மாநிலத்தில் ஃபிரிக் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1867ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் அர்னால்டு தைலர் பிறந்தார். இவருடைய தந்தை பள்ளி ஆசிரியர். தைலர் பெர்ன், சூரிச் ஆகிய நகரங்களில் கால்நடை மருத்துவம் பயின்று 1889ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பாஸ்டர், ராபர்ட் காக் ஆகியோரின் கண்டுபிடிப்புகளால் நுண்ணுயிரியல் என்னும் புதிய துறை வளர்ந்துவந்த காலம் அது. ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் அதற்கே உரிய ஒரு நுண்ணுயிர் காரணமாக இருக்கும் என்ற எண்ணம் இளம் மருத்துவர்களின் உள்ளங்களில் வேரூன்றியிருந்தது. தைலரும் அவ்வெண்ணத்தில் வளர்ந்தவரே.

1891ஆம் ஆண்டு, தம் 24ஆம் வயதில், அவர் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். போயர் மக்கள் ஆட்சி செய்த டிரான்ஸ்வால் குடியரசில் கால்நடைகள் ஏராளமாக இருந்தன. அவற்றைத் தாக்கும் நோய்களும் ஏராளமாக இருந்தன. ஆனால், முன்பின் அறியாத அயல்நாட்டு மருத்துவரை நாடி வருவோர் மிகச் சிலரே. வருவாய் இன்றித் தவித்த தைலர், பிரிட்டோரியா நகருக்கு அருகிலிருந்த ஐரீன் என்னும் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அந்த விபத்து நேர்ந்தது. பண்ணை இயந்திரம் ஒன்றில் சிக்கி அவர் தம் இடக்கையை இழந்தார்.

முரண்டு பிடிக்கும் காளையை அடக்கவும், ஊசியைச் செலுத்தவும், இறந்த விலங்கை அறுத்துப் பார்க்கவும் கால்நடை மருத்துவருக்கு இரண்டு கைகளும் வேண்டும். தொலைவான நாட்டில், கையில் பொருளின்றி, கையையே இழந்து நின்ற இளைஞர் தாய்நாட்டுக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். தைலர் திரும்பவில்லை. எஞ்சிய கையைக் கொண்டே தம் தொழிலைத் தொடர்ந்தார்.

அம்மைப்பால் காட்டிய வழி

1893ஆம் ஆண்டு ஜோகன்னஸ்பர்க் நகரைச் சூழ்ந்த தங்கச் சுரங்கப் பகுதியில் பெரியம்மை பரவியது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த சுரங்கத் தொழிலாளர்களிடையே அந்நோய் தீப்போல் பரவும் அபாயம் இருந்தது. தடுப்பூசிக்கான அம்மைப்பாலோ போதிய அளவில் இல்லை. கன்றுகளின் தோலில் பசுவம்மையை வளர்த்து அம்மைப்பால் எடுக்கும் முறை அக்காலத்தில் வழக்கில் இருந்தது. கால்நடையைக் கையாளவும் நுண்ணுயிரியலைப் பயன்படுத்தவும் ஒருசேரத் தெரிந்த தைலர், அம்மைப்பாலைத் தாமே உருவாக்கி வழங்கினார். மாடுகளைக் காக்க வந்தவர் முதலில் மனிதர்களைக் காத்தார். அவருடைய பெயர் அரசின் செவியை எட்டியது. அவ்வாண்டிலேயே எம்மா ஜெகி என்னும் பெண்மணியை அவர் மணந்தார்.

1896ஆம் ஆண்டு வெக்கை நோய் வடக்கிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. கடும் காய்ச்சலும் கழிச்சலும் கண்ட மாடுகள் சில நாள்களிலேயே இறந்தன. இலட்சக்கணக்கான மாடுகள் மடிந்தன. வண்டி இழுக்கக் காளைகள் இன்றிப் போக்குவரத்து முடங்கியது. மந்தையே உடைமையாக வாழ்ந்த ஆப்பிரிக்கக் குடிகள் வறுமையில் வீழ்ந்தனர். டிரான்ஸ்வால் அரசு தைலரை அரசு கால்நடை மருத்துவராக நியமித்தது. அவர், நேட்டால் பகுதியைச் சேர்ந்த வாட்கின்ஸ் பிட்ச்ஃபோர்டு என்னும் மருத்துவருடன் இணைந்து, நோயிலிருந்து மீண்ட மாடுகளின் ஊநீரைப் பிற மாடுகளுக்குச் செலுத்திப் பாதுகாக்கும் முறையை ஆராய்ந்தார். நோயை வென்ற உடல் அவ்வெற்றியின் தடயத்தைத் தன் குருதியில் வைத்திருக்கிறது என்னும் உண்மை, அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் அடித்தளமாயிற்று.

புதிய காய்ச்சலும் பழைய தவறும்

1899ஆம் ஆண்டு போயர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் இடையே போர் மூண்டது. வெக்கை நோய் தின்றது போக எஞ்சிய மந்தைகளைப் போர் அழித்தது. போர் முடியும் தறுவாயில், அழிந்த மந்தைகளை ஈடுசெய்யக் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து மாடுகள் கப்பலில் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு புதியதொரு நோயும் வந்து இறங்கியது. நிணநீர்க் கணுக்கள் வீங்கின, காய்ச்சல் ஏறியது, நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி மாடுகள் இறந்தன. நோய் கண்ட மந்தையில் பிழைத்தவை மிகச் சிலவே. பின்னாளில் இது கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் எனப் பெயர் பெற்றது.

தொடக்கத்தில் பலரும் இதனைச் செந்நீர் நோயின் கடுமையான வடிவம் என்றே கருதினர். செந்நீர் நோய் அந்நாட்டில் முன்பே அறிமுகமானது. பபீசியா என்னும் ஒட்டுண்ணி மாட்டின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைப்பதால் சிறுநீர் செந்நிறமாக வெளியேறும். அதனால் அப்பெயர் அமைந்தது. இளங்கன்றுகளை இந்நோய் பெரும்பாலும் கடுமையாகத் தாக்குவதில்லை. இளமையில் தொற்றைத் தாங்கிய கன்று, வளர்ந்தபின்னும் எதிர்ப்பாற்றல் உடையதாக விளங்கும். எனவே, நோயிலிருந்து மீண்ட மாட்டின் குருதியைச் சிறிதளவு கன்றுக்குச் செலுத்தி, அதற்கு எதிர்ப்பாற்றலை ஊட்ட முடிந்தது.

புதிய காய்ச்சலையும் இவ்வழியே தடுக்கலாம் என்னும் நம்பிக்கை எழுந்தது. 1903ஆம் ஆண்டு ரொடீசியாவுக்கு அழைக்கப்பட்ட புகழ்பெற்ற அறிவியலாளர் ராபர்ட் காக், மீண்ட மாடுகளின் குருதியைத் திரும்பத் திரும்பச் செலுத்தும் முறையைப் பரிந்துரைத்தார். அம்முறை பயன் தரவில்லை. குருதி செலுத்தப்பட்ட மாடுகளும் நோயால் இறந்தன.

தைலர் தம் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து இரண்டு நோய்களையும் ஒப்பிட்டார். புதிய நோயில் சிவப்பணுக்களுக்குள் காணப்பட்ட ஒட்டுண்ணி மிகச் சிறியது, பபீசியாவினின்றும் வேறுபட்டது. அதனினும் முக்கியமான வேறுபாடு ஒன்றையும் அவர் கண்டார். செந்நீர் நோய் கண்ட மாட்டின் குருதி நலமுள்ள மாட்டுக்கு நோயைத் தரும். புதிய காய்ச்சல் கண்ட மாட்டின் குருதியோ அவ்வாறு நோயைத் தரவில்லை. நோயைத் தராத குருதி, நோய்க்கான எதிர்ப்பையும் தராது. 1904ஆம் ஆண்டு இந்த ஒட்டுண்ணியைத் தனி இனமாக அவர் விளக்கினார். பூச்சியியல் அறிஞர் சார்லஸ் லவுன்ஸ்பரியும் தைலரும் நடத்திய ஆய்வுகளால், பழுப்பு நிற உண்ணி ஒன்றே இந்நோயை மாட்டுக்கு மாடு கொண்டுசெல்கிறது என்பது உறுதியாயிற்று. 1907ஆம் ஆண்டு போர்ச்சுகீசிய அறிஞர்கள், இந்த ஒட்டுண்ணியின் பேரினத்துக்குத் தைலேரியா எனப் பெயரிட்டு அவரைச் சிறப்பித்தனர்.

தெரிந்து தெளிவோம்

தைலேரியா ஒட்டுண்ணி, உண்ணியின் உமிழ்நீர் வழியாக மாட்டின் உடலுக்குள் நுழைகிறது. முதலில் அது வெள்ளணுக்களின் ஒரு வகையான நிணநீர் அணுக்களுக்குள் புகுகிறது. அந்த அணு பிளவுபடும்போது ஒட்டுண்ணியும் சேர்ந்து பிளவுபட்டுப் பெருகுகிறது. இதனாலேயே நிணநீர்க் கணுக்கள் வீங்குகின்றன. பின்னரே அது சிவப்பணுக்களை அடைந்து, அடுத்த உண்ணிக்காகக் காத்திருக்கிறது. சிவப்பணுக்களில் உள்ள இந்நிலை இன்னொரு மாட்டில் நேரடியாக நோயை உண்டாக்குவதில்லை. காக்கின் குருதி முறை ஏன் தோற்றது என்பதற்கான விடை இதில் அடங்கியுள்ளது.

ஒரு துளிக்குள் இரண்டு நோய்கள்

1908ஆம் ஆண்டு பிரிட்டோரியாவின் வடக்கே ஆண்டர்ஸ்டிபோர்ட் என்னுமிடத்தில் கால்நடை ஆய்வு நிறுவனம் ஒன்று எழுந்தது. தைலர் அதன் இயக்குநரானார். ஆய்வுக்கூடங்களும் தொழுவங்களும் அங்கு அருகருகே அமைந்தன. நுண்ணோக்கியில் கண்டதை மறுகணமே மாட்டிலும், மாட்டில் கண்டதை நுண்ணோக்கியிலும் சரிபார்க்க முடிந்தது.

அங்கு அவரை ஒரு புதிர் எதிர்கொண்டது. செந்நீர் நோய்க்கு எதிராகக் குருதி செலுத்தப்பட்ட மாடுகள் முதலில் லேசான காய்ச்சல் கண்டு தேறின. ஆனால், சில வாரங்களுக்குப் பின் அவற்றுள் சில மீண்டும் காய்ச்சலுற்று, குருதிச்சோகையால் மெலிந்தன. அப்போது அவற்றின் குருதியில் பபீசியா காணப்படவில்லை. மாறாக, சிவப்பணுக்களின் ஓரத்தில் சிறு புள்ளிகள் தென்பட்டன. அப்புள்ளிகளுக்குப் பெரிய முக்கியத்துவம் இல்லை என்றே அதுவரை பலர் எண்ணியிருந்தனர். அவை தனியொரு நோயின் காரணி எனத் தைலர் நிறுவினார். 1910ஆம் ஆண்டு அதற்கு அனபிளாஸ்மா மார்ஜினேல் எனப் பெயரிட்டார். தடுப்பு மருந்தாகச் செலுத்தப்பட்ட ஒரே துளிக் குருதிக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருந்தன. ஒன்றுக்குக் காப்பளித்த ஊசி, மற்றொன்றைப் பரப்பிக்கொண்டிருந்தது.

இக்கண்டுபிடிப்பு தடுப்பூசிக்கே எதிரான சான்றாகத் தோன்றலாம். தைலர் அதிலிருந்தே புதிய தடுப்பூசியை உருவாக்கினார். புள்ளி ஓரத்தில் அன்றிச் சிவப்பணுவின் நடுப்பகுதியில் அமையும் மற்றொரு வகையை அவர் கண்டார். அனபிளாஸ்மா சென்ட்ரேல் எனப்பட்ட அவ்வகை, மாட்டுக்கு லேசான நோயை மட்டுமே தந்தது. ஆயினும் கடுமையான வகையின் தாக்குதலிலிருந்து மாட்டைப் பெரிதும் காத்தது. மென்மையான உறவைக் கொண்டு கொடிய உறவைத் தடுக்கும் இம்முறை, பசுவம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்த ஜென்னரின் வழியை ஒத்தது. நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, இசுரேல் ஆகிய நாடுகளில் இவ்வுயிர்த் தடுப்பூசி பயன்பட்டு வருகிறது. தைலர் காலத்தில் ஒட்டுண்ணி விலங்காகக் கருதப்பட்ட அனபிளாஸ்மா, இன்று பாக்டீரியா வகையில் சேர்க்கப்பட்டுள்ளது. பெயரும் வகைப்பாடும் மாறினாலும் தடுப்பூசியின் பயன் மாறவில்லை.

விலை மிகுந்த வெற்றி

கிழக்குக் கடற்கரைக் காய்ச்சல் அப்போதும் அடங்கவில்லை. அது டிரான்ஸ்காய் பகுதிக்குப் பரவி, ஆப்பிரிக்க மக்களின் பெரும் மந்தைகளைத் தாக்கியது. குருதி பயன்படாது என்பதைத் தைலர் அறிந்திருந்தார். எனவே, ஒட்டுண்ணி பெருகும் மண்ணீரலையும் நிணநீர்க் கணுக்களையும் நோயுற்ற மாட்டிலிருந்து எடுத்து, அரைத்துக் கரைசலாக்கி, நலமுள்ள மாட்டின் சிரையில் செலுத்தும் முறையை வகுத்தார். ஆய்வகத்தில் அது நம்பிக்கை அளித்தது. அடுத்து டிரான்ஸ்காயில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளுக்கு அது செலுத்தப்பட்டது.

முடிவு கலக்கம் தருவதாக இருந்தது. ஊசி போடப்பட்ட மாடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அவ்வூசியாலேயே இறந்தது. பிழைத்தவற்றில் பத்தில் ஏழு மாடுகள் எதிர்ப்பாற்றல் பெற்றன. நோய் வந்தால் மந்தையே அழியும் நிலையில் இதனை வெற்றி என்று கணக்கிட்டுக் காட்டவும் இயலும். ஆனால், நான்கு மாடுகளை நலமாக ஓட்டிவந்து, மூன்றை மட்டுமே வீட்டுக்கு ஓட்டிச் சென்றவரின் கணக்கு வேறு. உயிருள்ள ஒட்டுண்ணியின் அளவையும் வீரியத்தையும் கட்டுப்படுத்தும் வழி அன்று எவருக்கும் தெரியவில்லை.

இம்முறை நிலைத்து நிற்கவில்லை. ஊசியால் ஒட்டுண்ணியை வெல்ல முடியாதபோது, அதைச் சுமந்துவரும் உண்ணியைத் தடுப்பதே வழி என்றாயிற்று. உண்ணியின் வாழ்க்கை முறையைத் தைலரும் பிறரும் முன்பே தெளிவாக்கியிருந்ததால் அவ்வழி திறந்தே இருந்தது. ஆர்சனிக் கலந்த மருந்துநீர்த் தொட்டிகளில் சில நாள்களுக்கு ஒருமுறை மாடுகளை முக்கியெடுத்தனர். மேய்ச்சல் நிலங்களுக்கு வேலியிட்டனர். நோய் கண்ட நிலத்தில் ஓராண்டுக்கும் மேலாக மாடுகளை மேயவிடாமல் வைத்து, உண்ணிகள் பட்டினியால் மடியச் செய்தனர். இந்நடவடிக்கைகள் கட்டாயமாக்கப்பட்டதால் மக்களிடையே மனக்கசப்பும் எழுந்தது. சில இடங்களில் தொட்டிகள் தகர்க்கப்பட்டன. நோய் தடுப்பில் அறிவியலோடு மக்களின் நம்பிக்கையும் தேவை என்பதை அந்நிகழ்வுகள் உணர்த்தின. பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1950களில் அக்காய்ச்சல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒழிக்கப்பட்டது.

எலும்பு தின்ற மாடுகள்

எல்லா நோய்க்கும் ஊசியே தீர்வு என்று தைலர் கருதவில்லை என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு. வறண்ட மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கால் செயலிழந்து விழுந்து இறந்தன. தைலர் அம்மாடுகளின் நடத்தையைக் கூர்ந்து நோக்கினார். அவை இறந்த விலங்குகளின் எலும்புகளைத் தேடிக் கடித்தன. அம்மண்ணில் பாஸ்பரஸ் குறைவு. அதனால் புல்லிலும் குறைவு. அக்குறையை ஈடுசெய்யவே மாடுகள் எலும்பைத் தின்றன. அழுகிய எலும்பில் பாக்டீரியா உண்டாக்கிய நஞ்சு அவற்றைக் கொன்றது. தைலரும் அவருடைய உடன்பணியாளர்களும் மாடுகளுக்கு எலும்புத்தூளை உணவாகக் கொடுத்தனர். பாஸ்பரஸ் குறை நீங்கியது, எலும்பைத் தேடும் வேட்கை தணிந்தது, நோயும் குறைந்தது. மூலத்தை அறிந்தால் மருந்து எளிதாகும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டு.

பெயர் நிலைத்த வாழ்வு

1914ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு தைலருக்குச் சர் பட்டம் வழங்கியது. ஆண்டர்ஸ்டிபோர்ட்டில் 1920ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்விப்புலத்துக்கு அவரே முதல் தலைவரானார். 1927ஆம் ஆண்டு ஓய்வு பெற்ற பின்னும் ஆய்வை விடவில்லை. 1936ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார்.

அவருடைய பணி அவரோடு முடியவில்லை. மகள் கெர்ட்ரூடு, ஆப்பிரிக்க உண்ணிகளைப் பற்றிய ஆய்வில் புகழ்பெற்றார். பிரிட்டோரியாவில் பிறந்த மகன் மேக்ஸ் தைலர், மனிதரைத் தாக்கும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கண்டு, 1951ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

டிரான்ஸ்காயில் தைலரால் எட்ட முடியாத இலக்கைப் பின்வந்தோர் எட்டினர். கென்யாவின் முகுகா ஆய்வகத்தில், உயிருள்ள தைலேரியாவை அளவறிந்து செலுத்தி, உடனே நீடித்துச் செயல்படும் டெட்ராசைக்கிளின் மருந்தையும் கொடுத்து நோயை அடக்கும் முறை உருவானது. தைலரின் கருத்து அதில் மாறவில்லை. அவரிடம் இல்லாதிருந்த கடிவாளம் மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. இந்தியாவில் கலப்பினப் பசுக்களைத் தாக்கும் தைலேரியா அனுலேட்டா என்னும் இனத்துக்கு எதிராக, ஆய்வகத்தில் அணுக்களோடு வளர்த்து வீரியம் குறைக்கப்பட்ட ஒட்டுண்ணியைக் கொண்ட தடுப்பூசி பயன்படுகிறது. நம் ஊர்த் தொழுவத்தில் நிணநீர்க் கணு வீங்கி நிற்கும் பசுவைச் சோதிக்கும் மருத்துவர், நோயின் பெயரை எழுதும்போது அவரை அறியாமலேயே தைலரின் பெயரையும் எழுதுகிறார்.

தவறான இடத்தில் தேடிய ஊசி பயன் தராது என்பதைக் குருதி முறையின் தோல்வியில் தைலர் கண்டார். சரியான இடத்தில் தேடிய ஊசியும் போதிய அறிவு இன்றேல் உயிரைப் பறிக்கும் என்பதைத் தம் தோல்வியில் கண்டார். இரண்டையும் மறைக்காமல் பதிவு செய்த அறிவியல் மரபினால்தான் அடுத்த தலைமுறை அவர் நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கியது. பேச இயலாத உயிர்களின் நோயைப் பொறுமையோடு கேட்டறிந்த அந்த ஒற்றைக் கை மருத்துவரை, உழவர்களின் தொழுவங்கள் நிறைந்திருக்கும் காலம்வரை உலகம் நினைவில் கொள்ளும்.